வெளியே போனவர்கள் திரும்பி வரவும் விதியில் இடம் வேண்டும்: பல்கலைக்கழகக் கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். என் மகளின் மறுசேர்க்கை விண்ணப்பத்துக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில் கிடைத்தது. "விதிகளில் இடமில்லை" என்ற ஒரே வரியோடு அது முடிந்துவிட்டது. என்னுடைய மறுமொழி அவ்வளவு சுருக்கமாக இருக்காது, பொறுத்தருள வேண்டுகிறேன். முன்கதை முழுவதும் தங்கள் கோப்பில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் தொழில் தொடங்க ஓராண்டு விடுப்பு கேட்டு, அது மறுக்கப்பட்டதால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியேறி, நிறுவனத்தை மூட நேர்ந்தபின் நான்காம் ஆண்டில் தொடர அனுமதி கேட்ட மாணவி என்று சொன்னால் போதும், எந்தக் கோப்பு என்று தங்களுக்குத் தெரிந்துவிடும். முதலாம் ஆண்டிலிருந்து புதிதாகச் சேர்ந்து படிக்கத் தடையில்லை என்று வாய்மொழியாகத் தெரிவித்தார்கள். அவள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற மூன்றாண்டுப் பாடங்களை என்ன செய்வது என்பதற்கு எழுத்திலும் பதில் இல்லை, வாய்மொழியிலும் பதில் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். தொழில் தொடங்க விரும்பும் மாணவருக்கு இரண்டாண்டு வரை விடுப்பு கொடுங்கள். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர விடுங்கள்.

அந்த விடுப்புப் படிவத்தைக் கல்விக்குழு உறுப்பினர்களில் எத்தனை பேர் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. அதில் காரணம் எழுத இரண்டே கட்டங்கள் உள்ளன. ஒன்று "மருத்துவம்", மற்றொன்று "இதர". இதர என்ற கட்டத்தில் என் மகள், ஆய்வகக் கருவிகளின் பராமரிப்பை நிர்வகிக்கும் மென்பொருளை இரு நண்பர்களோடு உருவாக்கியிருப்பதையும், அதை வாங்க இரண்டு நிறுவனங்கள் முன்வந்திருப்பதையும் இடம் போதாமல் படிவத்தின் ஓரம் வரை நுணுக்கி எழுதியிருந்தாள். அந்த வரிகளின் மேலேயே குறுக்காகக் கோடிட்டு, "ஏற்புடைய காரணம் அன்று" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். கவுன்டரில் இருந்த ஊழியர் நல்லவர். அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "உடம்புக்கு முடியலைன்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடும்மா, நாளைக்கே கையெழுத்தாயிடும்" என்று சொல்லியிருக்கிறார். அவர் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. உண்மையைச் சொன்னால் கதவு மூடும், பொய்யான நோய் ஒன்றைச் சொன்னால் திறக்கும் என்ற ஏற்பாடு அவர் செய்ததல்ல. அது இந்தக் குழு கூடித் தீர்மானித்த விதி. பொய்ச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாதவளுக்கு மாற்றுச் சான்றிதழ் கிடைத்தது.

இது நடந்த அதே ஆண்டில்தான் தொழில்முனைவோர் தின விழாவும் வெகு சிறப்பாக நடந்தது. மேடையேறிய சிறப்பு விருந்தினர், பட்டம் என்பது வெறும் காகிதம் என்றும், துணிச்சல் உள்ளவர்கள் இன்றே வகுப்பறையை விட்டு வெளியேற வேண்டும் என்றும், பில் கேட்ஸும் மார்க் சக்கர்பெர்க்கும் அப்படித்தான் செய்தார்கள் என்றும் முழங்கினார். முன்வரிசையில் அமர்ந்திருந்த தாங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்கும் அந்தப் படிவத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி யாராவது யோசித்தீர்களா என்று மிகுந்த மரியாதையுடன் கேட்கிறேன்.

அந்த விருந்தினர் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்ஸ் 1975இல் ஹார்வர்டை விட்டுப் போனபோது எடுத்தது விடுப்பு. தொழில் கைகூடாவிட்டால் திரும்பி வந்து படிப்பைத் தொடரும் வழி அவருக்கு இருந்தது. ஆல்டேர் என்ற ஆரம்பகாலச் சிறு கணினிக்கான பேசிக் நிரல்மொழி மென்பொருளை அவரும், அவரோடு மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கிய பால் ஆலனும் எழுதிச் சோதித்ததே ஹார்வர்டின் கூடத்தில் இருந்த பிடிபி-10 கணினியில்தான். சக்கர்பெர்க்கும் 2004இல் முதலில் விடுப்பில்தான் போனார். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் படிப்பை இடைநிறுத்திவிட்டு 1998இல் கூகுளைத் தொடங்கினார்கள். தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் அவர்களது முறைக்கான காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமத்துக்கு ஈடாகக் கிடைத்த பங்குகளை விற்றதில் ஸ்டான்ஃபோர்டுக்கு ஏறத்தாழ 33.6 கோடி டாலர் வந்தது. வருவாய் என்ற கோணத்தில் எழுதினால்தான் நிதிக்குழுவின் பார்வை இந்தப் பக்கம் திரும்பும் என்றால், இந்த ஒரு தொகையை மட்டுமாவது குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆக, இந்தக் கதைகளில் வரும் துணிச்சலுக்குப் பின்னால் திறந்தே இருந்த ஒரு கதவு உண்டு. தாங்கள் துணிச்சலை மட்டும் மேடையில் ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். கல்லூரியா, சொந்தத் தொழிலா என்று இருபது வயதில் ஒரே ஒருமுறை தேர்ந்தெடுத்து, ஆயுள் முழுக்க அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இயற்கையில் இல்லை. விதி அதை உண்டாக்கியிருக்கிறது.

இரண்டில் எது சிறந்தது என்று இப்போது எல்லோரும் வாதிடுகிறார்கள். என் வீட்டில் இரண்டையும் பார்த்துவிட்டதால் எனக்கும் ஒரு கருத்து உண்டு. கல்லூரி வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். என் மகளுக்குக் கூட்டாளிகள் கிடைத்தது இங்கே, எந்தக் கருவி எப்போது பழுதாகும் என்பதை அவள் நேரில் கண்ட ஆய்வகம் இங்கே, அவளுடைய முதல் நிரலைப் பார்த்துவிட்டு, "ஒரே நேரத்தில் இருவர் பதிவு செய்தால் இது என்ன ஆகும்?" என்று கேட்டு அதைத் திருத்த வைத்த பேராசிரியரும் இங்கேதான் இருக்கிறார். ஆனால் பொருளை ஒப்படைத்த பிறகும் பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, ஒப்பந்தத்தில் எந்த வரியை முதலில் படிப்பது, சம்பளத் தேதி நெருங்கும்போது வங்கிக் கணக்கில் இருப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையெல்லாம் எந்தப் பருவத்திலும் எந்தத் தாளிலும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நிறுவனம் மூடப்பட்டது வாடிக்கையாளர் இல்லாததால் அல்ல, வர வேண்டிய பணம் வராததால். இன்று அவள் நிதி மேலாண்மை வகுப்பில் அமர்ந்தால், அங்கே பாடத்தை மனப்பாடம் செய்யாமல் கேள்வி கேட்கும் ஒரே மாணவியாக இருப்பாள். அப்படிப்பட்டவளைத்தான் தங்கள் விதி வாசலில் நிறுத்தியிருக்கிறது.

தோற்றவர்களைத் திரும்பச் சேர்ப்பது விதிவிலக்காகத்தானே அமையும் என்று தாங்கள் நினைக்கக்கூடும். உண்மை நேர் எதிரானது. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரங்களின்படி, புதிதாகத் தொடங்கப்படும் தொழில்களில் ஏறக்குறைய பாதி ஐந்தாண்டுகளுக்குள் இல்லாமல் போகின்றன. அந்நாட்டில் மிக வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பியர் அசூலே குழுவினரின் ஆய்வு, அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று காட்டியது; இருபது வயது மேதை என்ற விளம்பரப் படத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இருபது வயதில் தொடங்கும் முயற்சி பெரும்பாலும் பயிற்சியாகவே முடியும் என்றால், மாணவர் திரும்பி வருவதைத்தான் விதி முதலில் எதிர்பார்த்திருக்க வேண்டும். வேலைக்கு எடுப்பவர் விண்ணப்பதாரரின் திறமையை நேரில் காண முடியாதபோது, பட்டத்தையே அதற்கு அடையாளமாகக் கொள்கிறார் என்று பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கினார். பின்னர் அவர் பொருளியல் நோபலைப் பகிர்ந்துகொண்டதற்கு இந்தக் கருத்தே அடிப்படை. நிறுவனம் நடத்தி, ஊழியருக்குச் சம்பளம் கொடுத்து, கடனையும் தீர்த்துவிட்டு வந்த பெண்ணை இன்று நேர்காணலுக்குக்கூட யாரும் அழைப்பதில்லை. கேட்டால், பட்டப்படிப்பு என்ற கட்டம் காலியாக இருக்கிறதே என்கிறார்கள். எங்கு போனாலும் கட்டங்கள்தான்.

இடங்கள் காலியாகிவிடும் என்பது தங்கள் அலுவலகம் சொன்ன மற்றொரு காரணம். அவள் விட்டுச் சென்ற இடம் இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிந்தபின் அங்கே யாரைச் சேர்க்க முடியும்? சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற கவலைக்கு, மருத்துவச் சான்றிதழ்கள் இன்று எப்படிப் பயன்படுகின்றன என்பதைத் தங்கள் கவுன்டர் ஊழியரிடமே கேட்டறியலாம். பதிவு செய்த நிறுவனம், ஆண்டுக் கணக்கு, ஒரு பேராசிரியரின் பரிந்துரை என்று எத்தனை நிபந்தனைகள் வேண்டுமானாலும் வையுங்கள், யாரும் மறுக்கப்போவதில்லை. முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1957இல் தொடங்கிய கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம், படிப்புப் பருவமும் வேலைப் பருவமும் மாறி மாறி வரும் முறையை ஆரம்பத்திலிருந்தே பின்பற்றுகிறது. மாணவர் தன் சொந்த நிறுவனத்தில் உழைக்கும் பருவத்தையும் வேலைப் பருவமாகக் கணக்கிடும் ஏற்பாடு இன்று அங்கே உள்ளது. இங்கே கேட்பது அந்த அளவுக்கும் இல்லை. மதிப்பெண் கேட்கவில்லை, கட்டணச் சலுகை கேட்கவில்லை, பெயரை நீக்காமல் வைத்திருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தங்கள் தொழில்முனைவோர் மையத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திறப்பு விழாக் கல்வெட்டு, கண்ணாடித் தடுப்புகள், சுவர் முழுக்க ஊக்க வாசகங்கள், மாலை ஐந்து மணிக்குப் பூட்டு. அந்த மையத்தின் விளம்பரச் சிற்றேட்டில் என் மகளின் படம் இன்றும் "எங்கள் பெருமை" என்ற தலைப்பின் கீழ் அச்சாகிக்கொண்டிருக்கிறது. சிற்றேட்டில் அவளுக்கு இடமிருக்கிறது, வருகைப் பதிவேட்டில்தான் இடமில்லை. ஒருவேளை இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து அவள் பெரிய தொழிலதிபர் ஆனால், கௌரவ டாக்டர் பட்டத்தோடு தாங்களே வீடு தேடி வருவீர்கள். அதற்கு எந்தக் கட்டமும் நிரப்ப வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

கோபம் எல்லை மீறியிருந்தால் மன்னிக்கவும். என் கோரிக்கைக்கு வருகிறேன். கல்விக்குழுவின் அடுத்த கூட்டத்தில், சொந்தத் தொழில் தொடங்குவதை விடுப்புக்கு ஏற்புடைய காரணமாகச் சேர்க்கவும், இரண்டாண்டுக்குள் திரும்புவோர் தேர்ச்சி பெற்ற பாடங்கள் அனைத்தும் செல்லுபடியாகவும் தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறேன். விதி மாறுவதற்கு முன்பே மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் செல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டவர்களையும் அது உள்ளடக்க வேண்டும். பாடத்திட்டம் இடையில் மாறியிருந்தால், விடுபட்ட தாள்களை மட்டும் கூடுதலாக எழுத அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

நான்காம் ஆண்டு வகுப்புகள் தொடங்கும் முன் தங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். கோரிக்கை மீண்டும் மறுக்கப்பட்டால், எந்த விதியின் எந்தப் பிரிவின்படி என்பதையும், மூன்றாண்டுகளில் அவள் எழுதித் தேறிய பாடங்கள் இப்போது என்ன நிலையில் இருக்கின்றன என்பதையும் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சிற்றேட்டில் படம் உள்ள மாணவியின் தந்தை