முட்டுக்கட்டையா, இழுபறியா?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மொழிபெயர்ப்பில் 'டெட்லாக்' (deadlock, யாரும் நகர முடியாமல் சிக்கி நிற்கும் நிலை) வரும் இடமெல்லாம் 'முட்டுக்கட்டை' போட்டுக்கொண்டே போகலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பாதி இடங்களில் பொருள் கவிழ்ந்துவிடும்.

முட்டுக்கட்டை தேரோட்டத்துச் சொல். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன். ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் சக்கரத்தடியில் ஆப்புப் போலச் சரிந்த கட்டை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கி, தேர் அங்கே திரும்பும். கட்டையைப் போட ஓர் ஆள் வேண்டும், எடுக்கவும் வேண்டும். சொல்லுக்குள்ளும் அந்த ஆள் நிற்கிறார். அதனால்தான் 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்கிறோம். 'பேச்சுவார்த்தையில் முட்டுக்கட்டை' என்று எழுதினால் போட்டது யார் என்றுதான் வாசகர் தேடுவார். மூலத்தில் இரு தரப்பும் சமமாகப் பிடிவாதம் பிடித்திருந்தால், இல்லாத குற்றவாளியை நீ உண்டாக்கியதாகிவிடும்.

இழுபறியில் இழுப்பதும் உண்டு, பறிப்பதும் உண்டு. இரு கையும் பிடியை விடவில்லை. ஆனால் அசைவு இருக்கிறது. பெல்ஜியத்தில் 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு புது அரசு பதவியேற்க 541 நாள் ஆயிற்று. பேசினார்கள், முறித்தார்கள், மறுபடி பேசினார்கள். அதற்கு 'இழுபறி நீடித்தது' கச்சிதம். ஒரு சிக்கல்: வாக்கு எண்ணிக்கையில் முன்னிலை மாறி மாறி வருவதும் நமக்கு இழுபறிதான். ஆகவே 'ஆட்சி அமைப்பதில் இழுபறி' என்று எதில் என்பதையும் சேர்த்து எழுது.

நீ அனுப்பிய கணினிப் பகுதிக்கு இரண்டுமே ஆகாது. அங்கே ஒரு நிரல் முதல் கோப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்கும். இன்னொன்று இரண்டாவதைப் பூட்டிக்கொண்டு முதலாவதற்குக் காத்திருக்கும். 1971இல் கணினி அறிவியலாளர் காஃப்மனும் உடன் எழுதியவர்களும் இதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்தார்கள்: ஒரு வளம் (கோப்பு போன்றது) ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்கே, கையில் இருப்பதை விடாமல் அடுத்ததற்குக் காத்திருத்தல், வலிந்து பறிக்க முடியாமை, காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வருதல். நான்கும் ஒருசேர இருந்தால்தான் சிக்கிக்கொள்ளும். ஒன்றை உடைத்தாலும் தப்பலாம். மூன்றாவதைக் கவனித்தாயா? பறிக்க முடியாததற்கு 'இழுபறி' என்று பெயர் வைப்பது வேடிக்கைதான்! 'முட்டுநிலை' என்று போடு. முதல் முறை வருமிடத்தில் ஒரு வரி விளக்கம் கொடு. 'முட்டுப்பாடு' மட்டும் வேண்டாம், அதற்குப் பணமுடை, பற்றாக்குறை என்ற பொருள் முன்பே இருக்கிறது.

'முட்டுச்சந்து' வேறு. அங்கே வந்த வழியே திரும்பிவிடலாம்.

ஜூரிகள் ஒருமனப்படாத அத்தியாயத்தை அனுப்பு. அதில் இந்தச் சொல் எதையும் தொடாமல் 'ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை' என்றே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

அன்புடன்,
மணி