தக்காளி நாற்றின் இலை நிறம் மாறினால் மருந்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் வீட்டுத் தோட்டம் போடுவோர் பெருகியிருக்கும் இவ்வேளையில், தக்காளி நாற்றின் இலை சற்று மஞ்சளானாலும் ஊதா பாய்ந்தாலும் அதற்கு வைரஸ் நோய் என்று பெயரிட்டுப் பூச்சிமருந்தைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் சில உரக்கடைகளில் வேரூன்றி வருகிறது. குழந்தைகள் நடமாடும் பின்கட்டில், அடுப்படிக்கு அருகே தெளிக்கப்படும் நஞ்சு அது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வெள்ளை ஈயால் பரவும் இலைச்சுருட்டு வைரஸ் தக்காளிக்குப் பெரும் பகை என்பதில் ஐயமில்லை. ஆனால் தொற்றிய பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்தே அதன் அடையாளம் வெளிப்படும். அப்போதும் இலை வெறுமனே மஞ்சளாவதில்லை. சிறுத்து, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, நுனி வளராமல் நின்றுவிடும். அத்தகைய நாற்றை எந்த மருந்தும் மீட்காது; பிடுங்கி அழித்துவிட்டு, மற்ற நாற்றுகளை நெருக்கமான நைலான் வலையால் மூடிக் காப்பதே வழி. முளைத்துப் பத்துப் பன்னிரண்டு நாளே ஆன, இரண்டு இலை விட்ட நாற்று வெளுப்பதற்கு வேறு காரணங்களே பெரும்பாலும் இருக்கும்.

செட்டிநாட்டிற்கே உரிய ஒரு காரணத்தை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊர்களில் பழைய வீடுகளைப் பிரிக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் உதிரும் சுண்ணாம்புக் காரை, பெரும்பாலும் பின்புறத்து மண்ணிலேயே கொட்டி நிரவப்படுகிறது. அந்த மண்ணை அள்ளித் தொட்டியில் நிரப்பி விதைத்தால், காரத்தன்மை மிகுந்து, மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் போகிறது. அதன் விளைவாகக் கீழ் இலை பச்சையாகவே இருக்க, நுனியில் புதிதாக விரியும் இலை மட்டும் நரம்பு பச்சையும் இடைப்பகுதி மஞ்சளுமாக வெளிறும். ஐயம் இருந்தால் உலர்ந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) நீரில் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். வளர்ந்த செடிக்கு லிட்டர் நீருக்கு 5 கிராம் என்பது அளவு. இளநாற்றுக்கு அதில் பாதி போதும், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. நிலையான தீர்வு, அந்த மண்ணை மாற்றுவதுதான். தக்காளிக்கு நல்லதென்று முட்டை ஓட்டுத் தூளையும் அடுப்புச் சாம்பலையும் இதே மண்ணில் மேலும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது காரத்தைக் கூட்டவே செய்யும்.

ஊருக்கு வெளியே உள்ள செம்புறை மண்ணின் போக்கு இதற்கு நேர் எதிரானது. அமிலப் பாங்கான அம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) வேருக்குக் கிடைக்காமல் பிடித்து வைத்துக்கொள்வதால், இலையின் அடிப்புறமும் நரம்பும் ஊதா நிறம் கொள்கின்றன. மட்கிய தொழுவுரமும் எலும்புத்தூளும் அங்கே நன்கு பயன்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியில் நீர் தேங்கி வேர் சோர்ந்தாலும் இதே ஊதா தோன்றக்கூடும். அப்போது உரமிடாமல் நீரை வடித்துவிட்டாலே நாற்று தேறிவிடும்.

வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். உயர்ந்த சுவர்கள் சூழ்ந்த முற்றத்தில் வளரும் நாற்று வெளிறி, ஒல்லியாக நீண்டு நிற்கும். அதை ஒரே நாளில் மொட்டை மாடி வெயிலில் வைத்தால் இலையில் வெள்ளைத் திட்டுகள் விழும். இது நோயன்று, வெயில் சுட்டது. ஒரு வார காலம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கினால் தவிர்த்துவிடலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள இடங்களில் இலை ஓரம் கருகுவதுண்டு. முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்து வைத்த நம் வீட்டு வழக்கம் நாற்றுக்கு இன்றும் உதவும். தென்னை நார்க்கழிவில் மட்டும் விதைத்தவர்கள், அதைக் கழுவி உப்பு நீக்கினார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். அதில் சத்தும் மிகக் குறைவு என்பதால் இரண்டு வாரத்தில் கீழ் இலை வெளுக்கத் தொடங்கும். முதலில் வந்த விதையிலை இரண்டும் பழுத்து உதிர்வது மட்டும் இயல்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் அமைந்துள்ள வட்டாரம் இது. தங்கள் வேளாண் பகுதியில் இத்தகைய கேள்விகளுக்கு விடை வெளியிடும்போது, எந்த இலை முதலில் நிறம் மாறியது, மண் எங்கிருந்து வந்தது, எந்த நீர் ஊற்றப்படுகிறது, எவ்வளவு நேரம் வெயில் படுகிறது என்ற விவரங்களைக் கேட்டுப் பெற்று, அந்நிலையங்களின் வல்லுநர்களைக் கொண்டு விளக்கம் அளிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.