கடைசி மௌனத்தை வெட்டாதீர்கள்

செவ்வியல் இசை ஒலிபரப்பும் இணைய வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் ஜப்பானிய இசையமைப்பாளர் தொஷியோ ஹோசொகாவாவின் 'மேகமும் ஒளியும்' ஒலிபரப்பினீர்கள். அவர் பெயரையே உச்சரிக்காத நிலையங்கள் பல. அந்த வகையில் நன்றி. ஆனால் கடைசி ஒலி அடங்குவதற்குள் காப்பீட்டு விளம்பரம் வந்து விழுந்தது. முறையிட்டதற்கு, ஒலியற்ற நொடிகளை மென்பொருளே நீக்கிவிடும் என்று பதில் அனுப்பினீர்கள். தயவுசெய்து அந்த நொடிகளை வெட்டாதீர்கள். அவருடைய இசையில் அவையும் இசைதான்.

அந்தப் படைப்பில் இசைக்குழுவோடு ஒலிக்கும் ஷோ என்ற ஜப்பானிய ஊதுகருவியை எண்ணிப் பாருங்கள். இரு கைகளுக்குள் அடங்கும் 17 மூங்கில் குழல்கள். மூச்சை விட்டாலும் ஒலிக்கும், இழுத்தாலும் ஒலிக்கும். மூச்சின் ஈரம் உள்ளே தங்கினால் சுருதி கெட்டுவிடும் என்பதால், வாசிப்பவர் அதை அவ்வப்போது அனலில் காட்டிக்கொண்டே இருப்பார். ஒன்றுமில்லாததிலிருந்து எழுந்து, பருத்து, தேய்ந்து மறையும் அந்த மூச்சைத்தான் ஹோசொகாவா வயலின்களுக்கும் கொம்புகளுக்கும் எழுதுகிறார். தன் இசையைத் தூரிகை எழுத்தோடு ஒப்பிட்டு, கோடு தாளைத் தொடுமுன்பே காற்றில் தொடங்கி, தாளை விட்டபின்னும் காற்றில் நீள்கிறது என்று அவரே விளக்கியிருக்கிறார். அந்தக் கோட்டைத்தான் உங்கள் மென்பொருள் பாதியில் நறுக்குகிறது.

1955இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1976இல் பெர்லின் சென்று, கொரிய இசையமைப்பாளர் இசாங் யுன்னிடம் பயின்றார். தன் நாட்டின் பழமையான அரசவை இசையான ககாக்குவின் அருமை அவருக்குப் பிடிபட்டதே அங்கேதான். இவ்வளவு தூரம் சுற்றி வந்து அடைந்த மௌனம் அது.

இன்னொரு குறையும் உண்டு. ஜப்பானியர் என்றாலே 'தியானம்', 'நிம்மதியான உறக்கம்' என்ற பட்டியலில் தூக்கிப் போடுகிறீர்கள். 2016இல் ஹாம்பர்க்கில் அரங்கேறிய அவருடைய ஓபரா, ஃபுகுஷிமாவில் ஆழிப்பேரலைக்கு மகனைப் பறிகொடுத்து, அதை ஏற்க முடியாமல் தவிக்கும் தாயைப் பற்றியது. இதை எழுதியவரையா தூங்க வைக்கப் பயன்படுத்துவது? கேட்கவே மனம் கசக்கிறது.

கோபம் சற்று மிகுந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் இல்லாமல் நிலையம் நடக்காது என்பது தெரியும். ஒலி முழுதாக அடங்கட்டும், சில நொடிகள் போகட்டும், பிறகு விளம்பரம் வரட்டும். அவர் படைப்புகளுக்கு மட்டுமாவது அந்தத் தானியங்கி நீக்கத்தை நிறுத்திவைத்து, 'மேகமும் ஒளியும்' படைப்பை மறுபடி முழுமையாக ஒலிபரப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நேயர்