பழைய வீடியோ கேம்னா வெறும் ஏக்கம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல 16-பிட் காலத்து, அதாவது 1980கள் கடைசியிலேருந்து 1990கள் நடு வரைக்கும் வந்த வீடியோ கேம்கள பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், இந்த விஷயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குனதே எனக்கு பெரிய சந்தோஷம். ஆனா ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் சின்ன வயசு ஞாபகம், அந்த நாள் திரும்ப வருமா, இப்படியே போகுது. மேரியோ பேரு வருது, சோனிக் பேரு வருது, அதெல்லாம் செஞ்சவங்க பேரு ஒண்ணு கூட இல்ல. போதாததுக்கு இன்னைக்கு பாத்தா கிராபிக்ஸ் சிரிப்பா இருக்கும்னு ஒரு வரி வேற. அந்த ஒரு வரிதான் என்னை எழுத வச்சது. கொஞ்சம் நீளமாத்தான் வரும், வெட்டாம போடுவீங்கன்னு நம்பறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் காலத்து நல்ல கேம்கள ரசிக்க எந்த ஞாபகமும் தேவையில்ல, இன்னைக்கு மொத தடவையா கையில எடுக்கறவங்களுக்கும் அது நல்லாத்தான் இருக்கும். அதனால ஒரு படத்த பத்தியோ நாவல பத்தியோ எப்படி எழுதுவீங்களோ அதே மாதிரி இதையும் எழுதுங்க, யாரு செஞ்சாங்க, எப்படி செஞ்சாங்க, இப்ப எங்க கிடைக்குதுன்னு.

நின்டெண்டோவோட சூப்பர் மெட்ராய்ட்ங்கற கேமையே எடுத்துக்கோங்க. 1994ல வந்தது, டைரக்டர் யோஷியோ சகமோட்டோ. அதுல ஒரு இடத்துல ஆழமான குழிக்குள்ள இறங்கிடுவோம், திரும்பி மேல ஏற வழி தெரியாது. அங்க மூணு குட்டிப் பிராணிங்க இருக்கும், ரெண்டு பக்க சுவத்தையும் மாத்தி மாத்தி உதைச்சுக்கிட்டே மேல ஏறிக் காட்டும். அவ்ளோதான். திரையில ஒரு எழுத்து வராது, அம்புக்குறி வராது, இந்த பட்டன அமுக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு நாமளே ட்ரை பண்ணுவோம், விழுவோம், திரும்ப பண்ணுவோம், ஒரு கட்டத்துல சட்டுன்னு கை புடிச்சிக்கும். அப்பதான் தெரியும், அந்த தாவல் கேம் ஆரம்பிச்சப்பவே நம்மகிட்ட இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியாம இருந்திருக்கு. இன்னொரு இடத்துல நெருப்புக்கோழி மாதிரி ஒரு பறவை வேகமா ஓடி வந்து நின்னு அப்படியே செங்குத்தா மேல சீறிக்கிட்டு போகும், அதுவும் ஒரு பாடம்தான். கேமோட முடிவுல கிரகமே வெடிக்கப் போகுது, டைமர் ஓடுது, உயிரைப் புடிச்சிக்கிட்டு கப்பலுக்கு ஓடிக்கிட்டு இருக்கோம், அப்ப வழியில ஒரு பக்கம் ஒதுங்கிப் பாத்தா அதே பிராணிங்க மாட்டிக்கிட்டு நிக்கும். காப்பாத்தலாம், கண்டுக்காம ஓடியும் போகலாம், கேம் நம்மள ஒரு வார்த்த கேக்காது. நமக்கு சொல்லிக்கொடுத்த ஜீவன்கள அப்படியே விட்டுட்டுப் போறதா வேணாமான்னு நாமதான் முடிவு பண்ணணும். வசனமே இல்லாம இத சொல்ல முடிஞ்சிருக்கு பாருங்க. இப்ப வர்ற எத்தனையோ பெரிய கேம்கள்ல மொத ஒரு மணி நேரம் பூரா பெட்டி பெட்டியா விளக்கம் வந்துக்கிட்டே இருக்கு, ஆடறவங்க மேல நம்பிக்கையே இல்லாத மாதிரி.

சரி, கிராபிக்ஸுக்கு வரேன். அப்ப டிவியில மாட்டி ஆடற கேம் மெஷின்ல முக்கியமானது ரெண்டு. செகா மெகா டிரைவ் ஜப்பான்ல 1988ல வந்தது, நின்டெண்டோவோட சூப்பர் ஃபேமிகாம் (வெளிநாட்டுல இதுக்கு சூப்பர் நின்டெண்டோன்னு பேரு) 1990 நவம்பர்ல. மெகா டிரைவ்ல மொத்தமே 512 கலர், அதுலயும் ஒரு நேரத்துல திரையில 64 பக்கம்தான் காட்ட முடியும். அதுக்குள்ளதான் 1991ல சோனிக் வந்துச்சு, புரோகிராம் யூஜி நாகா, கேரக்டர் நாவோட்டோ ஓஷிமா, லெவல் டிசைன் ஹிரோகாசு யசுஹாரா. அதுல மொத கட்டத்துல வர்ற அருவிய இன்னைக்கு புது டிவியில பாத்தா கோடு கோடா சீப்பு மாதிரி தெரியும், உடனே சிரிப்போம். ஆனா அந்த மெஷினுக்கு தண்ணி மாதிரி ஊடுருவித் தெரியற கலர் காட்ட வசதி கிடையாது, அதனால ஒரு கோடு விட்டு ஒரு கோடு வரைஞ்சாங்க, அந்தக் காலத்து குழாய் டிவியில சாதாரண வீடியோ வயர் வழியா அந்தப் படம் போகும்போது பக்கத்து பக்கத்து கோடுங்க ஒண்ணோட ஒண்ணு கலந்து நிஜமாவே கண்ணாடி மாதிரி பளபளன்னு தெரியும். வரைஞ்சவங்க அந்த டிவிக்காகவே வரைஞ்சது அது. அத வேற திரையில போட்டுப் பாத்துட்டு அசிங்கமா இருக்குன்னு சொல்றது நியாயமே இல்ல.

சூப்பர் ஃபேமிகாம்ல கதையே வேற, கலருக்குப் பஞ்சமில்ல, ஆனா பிராசசர் மெகா டிரைவ விட மெதுவா ஓடும். அதுக்கு ஈடா தட்டையான ஒரு படத்த சுத்தவும் பெருசு சின்னதாக்கவும் முடியற மோட் 7ன்னு ஒரு வசதிய ஹார்டுவேர்லயே வச்சிருந்தாங்க. எஃப்-ஜீரோ ரேஸ் கேம்ல நம்ம முன்னாடி விரியற ரோடு எல்லாமே ஒரே ஒரு தட்டைப் படம்தான், திரையோட ஒவ்வொரு வரிக்கும் அளவ கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே வந்து தூரத்துல இருக்கற மாதிரி நம்ப வச்சிருவாங்க. 1993ல ஸ்டார் ஃபாக்ஸ் வந்தப்ப இன்னும் ஒரு படி மேல போயி மெஷின்ல சொருகற கேம் பெட்டி இருக்கே, அந்த கேட்ரிட்ஜுக்குள்ளயே சூப்பர் எஃப்எக்ஸ்னு தனியா ஒரு சிப்ப வச்சு முப்பரிமாண கணக்கெல்லாம் அதுகிட்ட கொடுத்துட்டாங்க.

இதுல எனக்குன்னு ஒரு அபிப்பிராயம் உண்டு, நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க. 1994ல டாங்கி காங் கன்ட்ரி வந்தப்ப உலகமே வாயப் பொளந்துச்சு, கம்ப்யூட்டர்ல முப்பரிமாணமா செஞ்ச உருவங்கள படமா மாத்தி உள்ள வச்சிருந்தாங்க. அடுத்த வருஷமே யோஷிஸ் ஐலண்ட் வந்துச்சு, க்ரேயான்ல கிறுக்குன மாதிரி. அன்னைக்கு மொதல்ல வந்ததுதான் எதிர்காலம்னு எல்லாரும் சொன்னாங்க. இன்னைக்கு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, டாங்கி காங் உருவங்கள்ல வயசு தெரியுது, யோஷி நேத்து வரைஞ்ச மாதிரி இருக்கு. கிராபிக்ஸ் பழசாகறது வருஷத்தால இல்ல, என்ன மனசுல வச்சு வரைஞ்சாங்கங்கறதாலதான்.

ஆனா டாங்கி காங் கன்ட்ரியோட இசைய யாரும் குறை சொல்ல முடியாது. தண்ணிக்கடியில நீந்தற கட்டத்துக்கு டேவிட் வைஸ் போட்ட மெட்ட கண்ண மூடிக்கிட்டு கேட்டுப் பாருங்க. சூப்பர் ஃபேமிகாமோட சவுண்ட் சிப்ப செஞ்சது சோனி, அத வடிவமைச்சவர் கென் குடராகி, பின்னாடி ப்ளேஸ்டேஷன உருவாக்குனாரே அதே ஆளுதான். எட்டு சேனல், அதாவது ஒரே நேரத்துல எட்டு சத்தம்தான், எல்லா வாத்திய சத்தத்துக்கும் சேத்து 64 கேபி மெமரி. அந்த 64 கேபிக்குள்ள ஒரு கடலையே கொண்டு வந்துட்டாரு டேவிட் வைஸ். மெகா டிரைவ்ல கணக்குப் போட்டு சத்தத்த தானே உண்டாக்கற யமாஹாவோட எஃப்எம் சிப், ஆறு சேனல், கொஞ்சம் கரகரன்னு உலோகச் சத்தம். அத ஒரு குறையா எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தப்ப யூசோ கோஷிரோ அந்த கரகரப்பையே புடிச்சு ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2 கேமுக்கு கிளப்ல போடற மாதிரி டான்ஸ் மியூசிக் போட்டாரு, அதுவும் பிசி-88ங்கற பழைய கம்ப்யூட்டர்ல தனக்குன்னு மாத்தி வச்சிருந்த புரோகிராம் மொழியில ஒவ்வொரு சுரமா டைப் பண்ணி. ஒரு பாட்டு யாரு இசைன்னு போடாம சினிமா பக்கம் வருமா? இங்க மட்டும் ஏன் பேரு இல்லாம போகுது?

அளவு விஷயம் ஒண்ணு சொல்லிட்டு நகர்றேன். சூப்பர் மேரியோ வேர்ல்ட் முழு கேமும் 512 கேபி, அதுல கட்டங்கள முடிச்சு வெளியேற 96 வழி. க்ரோனோ ட்ரிகர் 1995ல, 4 எம்பி, காலப் பயணமும் பல முடிவுகளும் சேத்து. போன்ல எடுக்கற ஒரே ஒரு போட்டோவுக்கு கூட பல நேரம் இந்த இடம் பத்த மாட்டேங்குது.

எல்லா கேமும் தங்கம்னு சொல்ல வரல. ஹிட் படத்தோட பேர வச்சு அவசரமா செஞ்ச குப்பைங்க அப்பவும் ஏகப்பட்டது, அதப் பத்தி பேச ஒண்ணுமில்ல.

உங்க கட்டுரையில எனக்கு உண்மையிலேயே வருத்தம் கொடுத்தது கடைசி பாராதான். இப்ப எல்லாமே நெட்ல கிடைக்குது, கவலையில்லைன்னு முடிச்சிருக்கீங்க. கிடைக்கலங்க. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்ங்கற அமைப்பு 2023ல வெளியிட்ட ஆய்வுல, அமெரிக்காவுல 2010க்கு முன்னாடி வெளியான கேம்கள்ல 87 சதவீதம் இப்ப கடையில முறைப்படி வாங்கவே வழியில்லன்னு சொல்லியிருக்காங்க. நின்டெண்டோ பின்னாடி விட்ட வீ மெஷினோட ஆன்லைன் கடைய 2019 ஜனவரில மூடிட்டாங்க, அவங்களோட வீ யூ, 3டிஎஸ் மெஷின் கடைங்க 2023 மார்ச்சோட போச்சு, அங்க காசு கொடுத்து வாங்க முடிஞ்ச எத்தனையோ பழைய கேம் அதோட போச்சு. நூலகங்கள் பழைய கேம்கள ஆராய்ச்சியாளர்களுக்கு தூரத்துலேருந்தே திறந்து காட்ட அனுமதி கேட்டாங்க, அமெரிக்க பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபர்ல முடியாதுன்னுடுச்சு. வீட்டுல பத்திரமா வச்சிருக்கற கேட்ரிட்ஜும் முழு பாதுகாப்பு இல்ல, நிறைய கேட்ரிட்ஜ்ல நாம ஆடி சேவ் பண்ணதெல்லாம் உள்ள இருக்கற ஒரு பட்டன் பேட்டரிய நம்பித்தான் உயிரோட இருக்கு, பேட்டரி செத்தா சேவும் காலி.

ஸ்டார் ஃபாக்ஸ் 2 1995லயே செஞ்சு முடிச்ச கேம். வெளியிடாம வச்சுட்டாங்க. 2017ல சூப்பர் நின்டெண்டோவோட குட்டி மாடல் வந்தப்பதான் அதுக்குள்ள வச்சு கொடுத்தாங்க, 22 வருஷம் கழிச்சு. செய்கென் டென்செட்சு 3 ஜப்பான்ல 1995ல வந்தது, அத ரசிகர்களே ராத்திரி பகலா உக்காந்து இங்கிலீஷ்ல மாத்தி 2000ல வெளியிட்டாங்க, கம்பெனி முறைப்படி இங்கிலீஷ்ல கொடுத்தது 2019ல. நடுவுல அந்த 19 வருஷம் அந்த கேம உலகத்துக்குக் காட்டுனது சம்பளம் வாங்காத அந்த ரசிகர்கள்தான். இப்படிப்பட்டவங்களுக்கு உங்க பேப்பர்ல நாலு வரி இடம் கொடுத்தா என்ன குறைஞ்சிடும்?

இந்தத் தொடர் இன்னும் வரும்னு போட்டிருக்கீங்க, அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையிலேருந்து ஒவ்வொரு கேமுக்கும் கீழ ரெண்டு வரி சேருங்க, செஞ்சவங்க யாரு, இப்ப அத முறைப்படி எங்க வாங்கலாம். ரெண்டாவது வரிக்கு பதில் இல்லாத கேம் நிறைய வரும், அத விட்டுடாம அந்த இடத்துல எங்கயும் கிடைக்காதுன்னே அச்சடிங்க, படிக்கறவங்களுக்கு நிலைமை அப்பதான் புரியும்.

இப்படிக்கு,
உங்க வாசகர்