மண்சுவரைப் பழுதுபார்க்கவும் பணம் ஒதுக்குங்கள்: ஊரக வளர்ச்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு ஊரக வளர்ச்சித் துறை, பழங்குடியினர் நலத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற குறிக்கோளோடு 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள். ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளைகளை அணைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வீடு எவ்வளவு பெரிய விடுதலை என்பது மலைக் கிராமங்களில் கட்டட வேலை பார்க்கும் எனக்குத் தெரியும். அதை மறுத்து இந்த மடலை எழுதவில்லை. கூரை கெட்டுவிட்டது என்று நல்ல சுவரையும் சேர்த்து இடிக்கிறோமே, அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் சொல்வது மூங்கில் வரிச்சுச் சுவரை. நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியரும் குறும்பரும், சேர்வராயன், ஜவ்வாது மலைகளில் மலையாளிப் பழங்குடியினரும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த சுவர். கழிகளை நட்டு, மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கே பின்னி, வைக்கோல் போட்டு மிதித்துப் புளிக்கவைத்த மண்ணை இரண்டு பக்கமும் அப்பி, காய்ந்ததும் சாணி மெழுகுவார்கள். பல வீடுகளில் ஒரு சாண் தடிமன்கூட இருக்காது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் மூங்கில் நனையாது. மூங்கிலைப் பிடித்திருக்கும் மண் பிளந்து விழாது. கணக்கெடுப்புப் படிவமோ இதற்கு ‘கச்சா’, அதாவது உறுதியற்ற வீடு, என்ற ஒரே முத்திரையைக் குத்திவிட்டு நகர்ந்துவிடுகிறது.

மண்ணும் மரமும் சேர்ந்த சுவர் பலவீனமானது என்று எண்ணுகிறவர்கள் காஷ்மீரைப் பார்க்கட்டும். 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்தில் சிமெண்ட் கல் அடுக்கி மேலே கான்கிரீட் போட்ட புது வீடுகள் ஆயிரக்கணக்கில் நொறுங்கின. மரச்சட்டங்களைச் சிறுசிறு கட்டங்களாக இணைத்து நடுவில் கல்லும் மண்ணும் நிரப்பிய ‘தஜ்ஜி’ சுவர்கள் பல இடங்களில் ஆடிவிட்டு நின்றன. அதைக் கண்ட பாகிஸ்தானின் மறுகட்டமைப்பு ஆணையம் அடுத்த ஆண்டே அந்த முறைக்கு ஒப்புதல் தந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் அரசு மானியத்திலேயே தஜ்ஜி வீடு கட்டிக்கொண்டன. நம்மிடமும் ஆவணம் இல்லாமல் இல்லை. மண் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்கச் செய்வது எப்படி என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1993-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஐ.எஸ். 13827 என்பது அதன் எண்.

மண்சுவரைக் கொல்வது தண்ணீர். அடியில் ஈரம் ஏறும். இறவாணத்துத் தண்ணீர், அதாவது கூரை விளிம்பிலிருந்து வழியும் தண்ணீர், தரையில் விழுந்து தெறித்துச் சுவரின் காலை அரிக்கும். சுவருக்கு அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் அடிக்கட்டும் இரண்டு அடிக்குக் குறையாத இறவாணமும் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்தில் இந்தச் சுவர் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நின்ற தண்ணீரில் மண் கரையத்தான் செய்யும்.

எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் தருவது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சிமெண்ட் பூச்சுதான். பழுதுபார்க்கக் கொஞ்சம் பணம் கிடைத்ததும் முதலில் சிமெண்ட் மூட்டையைத்தான் இறக்குகிறார்கள். மண் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் அப்படி விடாது. விறைப்பான பூச்சு மண்ணோடு சேர்ந்து அசையாமல் விரிசல் விடும். விரிசல் வழியே இறங்கும் மழைநீருக்கு வெளியேற வழியில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தட்டிப் பார்த்தால் பொள்ளலாக ஒலிக்கும். உரித்தால் மண் சேறாகியிருக்கும், மூங்கில் மக்கியிருக்கும். பிறகு ‘மண்வீடு இவ்வளவுதான்’ என்ற பேச்சு வேறு. அந்தப் பூச்சுக்குச் செலவிட்ட தொகையில் சுண்ணாம்பும் மண்ணும் கலந்து பூசியிருந்தால் சுவர் பிழைத்திருக்கும்.

மூங்கில் விஷயத்திலும் உங்கள் உதவி வேண்டும். இளமூங்கிலை வெட்டினால் உளுத்துப்போகும். மூன்று, நான்கு ஆண்டு முற்றியதை மழை ஓய்ந்த பருவத்தில் வெட்டி, வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறப்போட்டால் பூச்சி அண்டாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலை, காட்டில் வாழும் மக்கள் எடுத்துக்கொள்ள உரிமையுள்ள சிறு வனப்பொருள் என்கிறது. அப்படியிருந்தும் வீட்டுக்கு நான்கு கழி வெட்ட மலைமக்கள் பயந்துகொண்டிருப்பது நியாயமில்லை. வனத்துறையோடு பேசவேண்டியவர்கள் நீங்கள்.

அரசு முன்பு கட்டிக்கொடுத்த பழைய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024-ல் தனித் திட்டமே கொண்டுவந்தீர்கள். அதே நியாயத்தை மண்சுவருக்கும் நீட்டுங்கள். இடிக்க ஆணையிடும் முன் சுவரை ஒருவர் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, எழுதிவைக்கட்டும். சுவர் நன்றாக இருந்து, வீட்டுக்காரரும் விரும்பினால், கூரைக்கும் அடிக்கட்டுக்கும் மட்டும் பணம் கொடுங்கள். கான்கிரீட் வீடுதான் வேண்டும் என்பவருக்குத் தடையில்லாமல் அதுவே கிடைக்கட்டும். மண் மிதிக்கத் தெரிந்த முதியவர்களைப் பயிற்றுநர்களாகக் கூலி கொடுத்து அமர்த்துங்கள். அவர்களிடம் கற்ற இளைஞர்களைக் கொத்தனார் பட்டியலில் சேருங்கள்.

மண்வேலைக்குத் தை முதல் சித்திரை வரைதான் தோதான காலம். ஐப்பசிக்குள் சுற்றறிக்கை ஊராட்சிகளுக்கு வந்தால்தான் மூங்கில் வெட்டவும் ஊறவைக்கவும் நாள் இருக்கும். இந்த ஆண்டே ஒரு மலை ஒன்றியத்தில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
மலைக் கிராமங்களில் பணிபுரியும் ஒரு கட்டடப் பொறியாளர்