கேட்டு வாங்க முடியாத புத்தகம்: பள்ளி நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி நூலகர்களுக்கும், எந்தப் புத்தகத்தை வாங்குவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் குழுவினருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோள்தான். தன்பாலீர்ப்புள்ள ஒரு பையனோ பெண்ணோ வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் இளையோர் நாவல்களை, மற்ற நாவல்கள் இருக்கும் அதே திறந்த அலமாரியில் வையுங்கள். பூட்டிய பீரோ வேண்டாம், உங்கள் மேசைக்குப் பின்னால் வேண்டாம், பெற்றோர் கையெழுத்து இருந்தால்தான் தருவோம் என்ற விதியும் வேண்டாம்.

நாங்கள் தடை செய்யவில்லையே, கேட்டால் கொடுக்கிறோமே என்பீர்கள். பிரச்சினையே அந்தக் கேட்பதில்தான் இருக்கிறது. 15 வயதில், வகுப்பே யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கிசுகிசுத்துக்கொண்டிருக்க, தனக்குப் பிடித்தவன் பெயரை மட்டும் தொண்டைக்குள்ளேயே வைத்திருக்கிற பையன், உங்கள் முன்னால் வந்து நின்று அந்தப் புத்தகத்தின் பெயரை எப்படிச் சொல்லுவான்? சொன்னால் தன்னைப் பற்றியே சொன்ன மாதிரி ஆகிவிடுமே. நானும் சொல்லவில்லை. பூட்டிய பீரோவின் கண்ணாடிக் கதவு வழியாக அந்தப் புத்தகத்தின் முதுகு தெரியும். இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். படிக்கக் கிடைத்தபோது எனக்கு 23 வயது. அழுகை வந்தது, கதை சோகமானது என்பதால் இல்லை, இதை அப்போதே யாராவது என் கையில் கொடுத்திருக்கலாமே என்றுதான்.

அமெரிக்காவில் 1969இல் வெளிவந்த ஜான் டோனவனின் நாவலைத்தான் இளையோருக்கான இந்த வகையில் முதலாவது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் 13 வயது டேவிக்கும் அவன் நண்பனுக்கும் இடையே ஒரு முத்தம். அப்புறம் டேவியின் நாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகிறது, தான் செய்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று அவன் குமைகிறான். அந்தக் காலத்துக்கு அதை எழுதியதே பெரிய துணிச்சல், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரே கதை இதுவாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1982இல் நான்சி கார்டன் எழுதிய ‘ஆனி ஆன் மை மைண்ட்’ நாவலில் இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள், கஷ்டப்படுகிறார்கள், கடைசியில் யாரும் சாகவில்லை, நம்பிக்கையோடு கதை முடிகிறது. 1993இல் கன்சாஸ் சிட்டியில் அதன் பிரதியை எரித்தார்கள். பக்கத்து ஊரான ஒலேத்தாவின் பள்ளி நிர்வாகம் புத்தகத்தை நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டது. மாணவர்களும் பெற்றோர்களும் வழக்குப் போட்டார்கள். அதிலுள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக அதை அகற்றியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1995இல் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். நீதிமன்றம் வரை போன அந்த மாணவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தத் தைரியம் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

படித்தால் பிள்ளைகள் மாறிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சின்ன வயதில் படித்த காதல் கதை ஒவ்வொன்றிலும் ஓர் ஆணும் பெண்ணும்தான் இருந்தார்கள். நூற்றுக்கணக்கில் படித்திருப்பேன். ஒன்றுகூட என்னை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய நோயும் இது இல்லை, உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது.

சரி, நாளைக்கே செய்யக்கூடியது என்ன? முதுகில் தனி நிற ஒட்டு ஒட்டாதீர்கள், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர் பெயர் வரிசையில் எங்கே வருமோ அங்கேயே இருக்கட்டும். பதிவேட்டைப் பார்த்து, யாருமே எடுக்கவில்லையே என்று கழித்துக் கட்டிவிடாதீர்கள். இந்தப் புத்தகத்தைப் பலர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அலமாரிகளுக்கு நடுவே நின்றபடியே நாளுக்குப் பத்துப் பக்கமாகப் படிப்பார்கள், காலடிச் சத்தம் கேட்டால் கைக்குக் கிடைத்த தட்டில் செருகிவிட்டுப் போவார்கள். அப்படி இடம் மாறிக் கிடந்தால் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள், யார் என்று தேட வேண்டாம்.