உங்கள் கிரிட் பேக்கேஜ் பற்றிப் புகார்: சரிசெய்யுங்கள், இல்லையேல் சந்தாப் பணத்தைத் திருப்புங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
அனுப்புநர்: உங்கள் சந்தாதாரர், கிருஷ்ணகிரி

ஐயா, வணக்கம்.

மாம்பழ மண்டிகளுக்கும் கூழ் ஆலைகளுக்கும் லோடு பதிவு செய்யும் வெப் அப்ளிகேஷன் செய்து தருவது என் தொழில். அதில் தேதிக்கு ஜேக்வெரி யூஐ, பாப்அப்புக்கு பூட்ஸ்டிராப் 4; இரண்டும் ஜேக்வெரி என்ற அடிப்படை லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) மேல் ஓடுபவை. அட்டவணைக்கு மட்டும் உங்கள் கிரிட் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். எந்த லைப்ரரியோடும் ஒத்துப்போகும் என்று விளம்பரம் செய்தது நீங்கள்தான்.

கிரிட்டைச் சேர்த்ததுமே தேதிப் பெட்டி திறப்பதில்லை. உங்கள் ஸ்கிரிப்டுக்குள் ஒரு பழைய ஜேக்வெரி இருக்கிறது. அது கடைசியில் லோடாகி, நிரலில் ஜேக்வெரியை அழைக்கும் பொதுப் பெயர்களான டாலர் குறியையும் ஜேக்வெரி என்ற பெயரையும் எடுத்துக்கொள்கிறது. நான் முன்பே சேர்த்திருந்த ஜேக்வெரியில் பதிவான பிளக்இன்கள் (தேதிப் பெட்டி போன்ற துணை நிரல்கள்) இதற்குத் தெரியாது. அந்தப் பெயர்களை முன்னதற்கே திருப்பித் தரும் நோகான்ஃப்ளிக்ட் என்ற கட்டளையை ட்ரூ கொடுத்து நானே அழைத்துப் பார்த்தேன். தேதி வந்தது, கிரிட் நின்றது, ஏனென்றால் அது ஓடும்போதும் அதே பொதுப் பெயரைத்தான் தேடுகிறது. உங்கள் நிரல், உங்களுக்குத் தெரியாதா?

ஆனால் ஹெல்ப்லைனில் ஒருவர், “அது ஜேக்வெரி பிரச்சினை, அவங்ககிட்ட கேளுங்க” என்றார். அது யாரும் எடுத்துப் பயன்படுத்தும் இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். எந்தக் கவுண்டரில் போய் நிற்பது? அப்புறம் கேட்டார் பாருங்கள்: “கிருஷ்ணகிரியில இதெல்லாம் தெரிஞ்ச ஆள் இருக்காங்களா சார்?” அந்த அழைப்பு பதிவாகியிருக்கும், போட்டுக் கேளுங்கள்.

லேப்டாப்போடு நேரில் வரச் சொன்னதும் நீங்கள்தான். ஓசூர் நெரிசலில் ஊர்ந்து பெங்களூரு வந்தால், டீம் முழுக்க வீட்டிலிருந்து வேலை என்று செக்யூரிட்டி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? பூட்ஸ்டிராப் பாப்அப்புக்கு 1050 என்ற இசட் இண்டெக்ஸ் (திரையில் எது மேலே தெரியும் என்று சொல்லும் அடுக்கு எண்) இருப்பதால் உங்கள் ஃபில்டர் மெனு அதன் பின்னால் ஒளிந்துகொள்வதையும் அன்றே காட்டியிருப்பேன். பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்தபோது மண்டிக்காரர்கள் நோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த சீசனே எனக்குப் போச்சு, லட்சக்கணக்கில் நஷ்டம்.

உங்கள் மேல் எனக்குப் பகையில்லை, கிரிட் வேகமானதுதான். 15 நாளில் திருத்திய பதிப்பைத் தாருங்கள், அல்லது முழுச் சந்தாவையும் திருப்புங்கள். இல்லாவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபாரத்துக்கு வாங்கியது என்று தட்டிக்கழிக்க வேண்டாம்; சுயதொழிலில் பிழைப்பவனையும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தயவுசெய்து, அந்த ஊழியரை மட்டும் எனக்குப் போன் செய்ய வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்